பின்னால் நின்ற வெள்ளைச் சட்டை

ஆசைக்குப் படம் எடுப்பவன் நான். புதிதாக ஒரு லென்ஸ் வாங்கியிருந்தேன். அபர்ச்சரை 1.8-ல் வைத்தால் முன்னால் நிற்கும் ஆள் பளிச்சென்று விழுவார், பின்னால் இருப்பதெல்லாம் மங்கிவிடும். அந்த மிதப்பில், வண்ணார்பேட்டையில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தம் முழுவதையும் அப்படியே எடுத்துத் தள்ளினேன்.

மறுநாள் படங்களைப் பார்த்தவள், "நல்லாத்தான் இருக்கு அண்ணே. எங்கப்பாவ எங்க?" என்றாள்.

அவள் அப்பா துபாயிலிருந்து ஒரு வார லீவில் வந்திருந்தார். எல்லாப் படத்திலும் மகளின் தோளுக்குப் பின்னால் வெறும் வெள்ளைத் திட்டாக நின்றார். முகமே இல்லை. பக்கத்திலேயே நின்ற அவரிடம், "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன்.

"விடும்வே, சாயந்தரந்தான ஃபிளைட்டு" என்று உள்ளே போனவர், அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, மறுபடியும் மகளுக்குப் பின்னால் நின்றார்.

"முன்னால வாங்க அண்ணாச்சி."

"இங்கனயே நிக்கேன்."

அபர்ச்சரை எட்டுக்கு மாற்றினேன். சுவர்க் காலண்டரின் தேதிகூடத் தெளிவாக விழுந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த மகள், "எப்பா, உங்களுக்கு இம்புட்டு நரைச்சிட்டா!" என்றாள். ஒரு வாரமாக ஒரே வீட்டில் இருந்தவள், அதை அப்போதுதான் பார்க்கிறாள்.

அவர் தலையைத் தடவிக்கொண்டு வெட்கமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் எட்டிலேயே எடுத்து வைத்திருக்கிறேன்.