அவிக்காத அன்னாசி

அன்னாசியும் சீனியும் சேர்ந்து கொதிக்கிற வாசனை... கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறை முழுக்க அன்றைக்கு அதுதான். மண்ணெண்ணெய் அடுப்பில் சின்னச் சட்டி, பக்கத்தில் கரண்டியோடு அம்மா. நான் மாரி பிஸ்கட் பைக்கற்றைப் பிரித்து, உடைந்த துண்டுகளைத் தேடித் தேடி வாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பதின்மூன்று வயது. சண்டைக் காலம். ஊரை விட்டு வந்து அந்த ஒற்றை அறையில் அம்மா, அண்ணா, நான்.

மறுநாள் காலை அண்ணா ஜெர்மனிக்குப் போகிறார். ஆமி, பொலிஸ் சுற்றிவளைப்புக்குப் பயந்து மாதக்கணக்காக அறைக்குள்ளேயே அடைந்து கிடந்த மனிதர். போகுமுன் என்ன வேண்டும் என்று அம்மா கேட்டதற்கு, "அந்தப் பிஸ்கட் புடிங் ஒருக்கால் செய்து தாங்கோம்மா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

வேலை ஒன்றும் பெரிதில்லை. பாலில் நனைத்த பிஸ்கட் ஒரு அடுக்கு. தகரத்தில் வரும் இனிப்பு ரின்பாலும் கிறீமும் சேர்த்து அடித்தது ஒரு அடுக்கு. அதன்மேல் அன்னாசி. மறுபடி பிஸ்கட், மறுபடி கிறீம்... கடைசியில் மேலே தூவக் கஜு, முந்திரிப்பருப்பு. ஆனால் அன்னாசியை மட்டும் அம்மா பச்சையாகப் போடவே மாட்டார், சீனியில் அவித்துத்தான்.

"பச்சையாப் போட்டா நேரம் போகப் போகக் கிறீம் தண்ணியாகிக் கசக்கும் பிள்ளை. ஊரில ஒருக்கா அப்பிடிப் போட்டு முழுக்கக் குப்பையில கொட்டினனான்."

எல்லாம் சரி... குளிரவைக்கப் பிரிட்ஜ் வேண்டுமே! எங்களிடம் ஏது? கீழ்வீட்டில் வீட்டுக்கார அன்ரியிடம் இருந்தது. நானே கண்ணாடிக் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அண்ணா நாளைக்குப் போறார் அன்ரி, அவருக்குத்தான்" என்று தெளிவாகச் சொல்லியும் கொடுத்தேன். "ஓம் ஓம், வை" என்றார்.

பின்னேரம் எடுக்கப் போகிறேன்... ஹோலில் லண்டன் விருந்தாளிகள். எல்லோர் கையிலும் தட்டு. மேசை நடுவில் எங்கள் கண்ணாடிக் கோப்பை!

"எப்பிடிச் செய்தனீங்கள்? கடையில வாங்கினது மாதிரி இருக்கு!" என்று ஒரு பெண் கேட்கிறார்.

"அது என்ன பெரிய வேலையே? நான் அடிக்கடி செய்யிறதுதானே" என்கிறார் அன்ரி. கண்கூட இமைக்கவில்லை. அத்தோடு விட்டாரா? வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "வா பிள்ளை, இந்தத் தட்டுகளை எடுத்துக் குசினியில வை" என்றார்.

எடுத்தேன். என் அண்ணாவின் புடிங்கை நக்கி முடித்த தட்டுகளை நானே எடுத்தேன்.

குசினியில் வைத்து அன்ரி என் காதோடு சொன்னார். "திடீரெண்டு வந்திட்டினம், குடுக்க ஒண்டும் இருக்கேல்லை. நீங்கள் திரும்பச் செய்யலாம்தானே." எப்போது செய்வது? விடிந்தால் அண்ணா இல்லை!

வெறும் கோப்பையோடு மேலே போய்க் கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினார்.

"திங்கக்கிழமை பொலிஸ் பதிவுப் போர்மில எங்களுக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது? அவதானே? விடிஞ்சாக் கொண்ணா ஜெர்மனிக்குப் போயிடுவான். நானும் நீயும் எங்க போறது?"

அந்தக் காலத்தில் அப்படித்தான். வீட்டுக்காரர் 'இவர்கள் எங்கள் வீட்டில் இருக்கிறவர்கள்' என்று கையெழுத்து வைக்காவிட்டால் பொலிசுக்கு நாங்கள் யாரோ எவரோ, பிடித்துக்கொண்டு போகலாம். அந்த ஒரு கையெழுத்துக்காக எவ்வளவை விழுங்கினோம்!

அண்ணா வெறும் கோப்பையை என்னிடமிருந்து வாங்கினார். ஓரத்தில் ஒட்டியிருந்த கிறீமை விரலால் வழித்து வாயில் வைத்தார். "நல்லா இருக்கம்மா" என்றார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த கிழமை அன்ரி படியேறி வந்தார். லண்டன்காரர் செய்முறை கேட்டு விட்ட பாடில்லையாம். வெட்கமே இல்லாமல் கொப்பி, பேனையோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார். அம்மா தேன் ஒழுகச் சொல்லிக் கொடுத்தார். பிஸ்கட் எத்தனை, ரின்பால் எவ்வளவு... ஒன்றும் விடாமல்.

"அன்னாசி?" என்றார் அன்ரி.

"அம்மா, அதை முதல்..." என்று நான் வாய் திறந்தேன். தொடையில் விழுந்தது ஒரு கிள்ளு!

"சின்னன் சின்னனா வெட்டி அப்பிடியே போடுங்கோ அக்கா. அவ்வளவுதான்" என்றார் அம்மா.

ஒரு பொய்க்கும் போகாத மனுசி அவர். அன்றைக்கு முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

இவ்வளவும் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன கிழமை பேஸ்புக்கில் அன்ரியின் மகள் ஒரு படம் போட்டிருந்தார். அதே அடுக்கு, அதே கஜு. 'எங்கட அம்மாவின்ர ஸ்பெஷல் புடிங்' என்று தலைப்பு வேறு! கீழே செய்முறை. கடைசி வரியில் இப்படி: 'முக்கியம்: செய்த கையோடு சாப்பிட்டுவிட வேண்டும். பிரிட்ஜில் வைத்தால் கசக்கும்.'

இத்தனை வருடமாகக் குடும்பமே ஓடி ஓடிச் சாப்பிட்டிருக்கிறது!

என் வீட்டில் இப்போது இரண்டு பிரிட்ஜ். கிறீம் எந்தக் கடையிலும் கிடைக்கும். நினைத்த நாளில் செய்யலாம். அண்ணாவும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறார். ஆனால் அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. தேத்தண்ணியே வெறுமையாகத்தான் குடிக்கிறார்.

அந்தச் செய்முறையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அவிக்கச் சொல்லி எழுதி விடட்டோம்மா? பாவம், இனி என்ன..."

அம்மா வேண்டாமென்று தலையாட்டினார். பிறகு சொன்னார்.

"அவ கொண்ணாவுக்கு ஒரு துண்டு மிச்சம் வச்சிருந்தா, அண்டைக்கே சொல்லியிருப்பன்."