பதினொரு உடைந்த பியூரெட்டுகள்

ஊரப்பாக்கத்தில் ரயிலேறித் தாம்பரத்தில் இறங்கி, எட்டு மணிக்கெல்லாம் வேதியியல் லேபைத் திறந்துவிடுவார் ரத்தினபாய். முப்பத்தோரு வருடமாக அதே கல்லூரி, அதே லேப். அட்டெண்டராகச் சேர்ந்தபோது கூட இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார், ஒருவர் இறந்தார். அந்த இடங்களுக்கு ஆள் போட அனுமதி வரவில்லை. வந்ததெல்லாம் மாணவர்களைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள அனுமதிதான். முப்பது பேர் படித்த வகுப்பில் இப்போது அறுபது பேர். கண்ணாடிச் சாமானுக்கு வரும் தொகை மட்டும் அந்தப் பழைய முப்பது பேரோடு நின்றுவிட்டது.

இறுதியாண்டு பிராக்டிகல் தேர்வுக்கு ஐந்து நாள் இருந்தது. காலையில் முப்பது பேர், மதியம் முப்பது பேர். ஆளுக்கொரு பியூரெட் வேண்டும். அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய் அது. அடியில் திருகு இருக்கும், திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பார்கள். நல்ல நிலையில் இருந்தவை பத்தொன்பது. மீதிப் பதினொன்றும் திருகு உடைந்தவை.

துறைத்தலைவர் ரமா கையைப் பிசைந்தார்.

"ஆபீஸ்ல அடுத்த வருஷம்னு சொல்லிட்டாங்க ரத்தினம்மா. வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் செட் பத்தலைன்னு எழுதினா எக்ஸாமே நின்னுடும். பசங்க டிகிரி தள்ளிப் போயிடும்."

"நீங்க கொஸ்டினைப் பாருங்க மேடம். கண்ணாடியை நான் பாத்துக்கறேன்."

மாலையில் நேரே நாத்தனார் ரோஸி நர்ஸாக இருக்கும் மருத்துவமனைக்குப் போனார்.

"தேதி முடிஞ்ச ட்ரிப்ஸ் செட் இருக்கா ரோஸி?"

"இன்னா அண்ணி, காலேஜ்ல யாருக்கு குளுக்கோஸ் ஏத்தப் போறீங்க?"

"பியூரெட்டுக்கு."

"சரியாப்போச்சு! அதுக்கும் ஓ.பி. சீட்டு போடணுமா?"

மேட்ரனிடம் சொல்லிவிட்டு, தூக்கிப் போட வைத்திருந்த பிரிக்காத பாக்கெட்டுகளை ரோஸி கொடுத்தார்.

ரத்தினபாய் உடைந்த கண்ணாடி முனைகளைச் சுடரில் காட்டி மழுக்கினார். ட்ரிப்ஸ் குழாயை வெட்டி, வெந்நீரில் இளக்கிச் செருகினார். குளுக்கோஸ் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன உருளையை நகர்த்தினால் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அதோடு விட்டுவிடவில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் பத்து மில்லி தண்ணீரை இறக்கி எடை போட்டார். பத்து கிராம் இருக்க வேண்டும். இரண்டு ஒழுகின. பிரித்து மறுபடி மாட்டினார்.

தேர்வன்று வந்த எக்ஸாமினர் தோத்தாத்ரி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது லேபா, ஐ.சி.யூ.வா?"

"எல்லாம் பொழைச்ச கேஸ்தான் சார்."

அவர் சிரிக்கவில்லை. "இந்த ட்யூப்ல பெர்மாங்கனேட் ஊத்தினா என்ன ஆகும்னு தெரியுமாம்மா?"

"ட்யூபை அரிக்கும் சார், ரீடிங் தப்பும். குலுக்கல்ல பெர்மாங்கனேட் சீட்டு எடுக்கிறவங்க பேட்சுக்கு பதினஞ்சு பேர்தான். அவங்களுக்குக் கண்ணாடித் திருகு. இந்தப் பதினொண்ணுல ஆசிட், சோடா மட்டும்தான்."

எடை எழுதிய தாளையும் நீட்டினார். தோத்தாத்ரி அதை நம்பவில்லை. ஒரு பியூரெட்டைத் தானே எடுத்து, தண்ணீர் இறக்கி, தராசில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. இன்னொன்றையும் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பசங்களை வரச் சொல்லுங்க."

அறுபது பேரும் அன்றே எழுதி முடித்தார்கள். ரமா மலர்ந்த முகத்தோடு வந்தார்.

"ஆபீஸ்ல உங்களைப் பத்தி ஒரே பேச்சு! அடுத்த வருஷமும் இப்படியே சமாளிச்சுக்கலாமாம். பியூரெட் காசுல பெஞ்ச் வாங்கப் போறாங்களாம்."

ரத்தினபாய் கத்தரிக்கோலை எடுத்தார். பதினொரு ட்ரிப்ஸ் குழாய்களையும் வெட்டிக் குப்பையில் போட்டார். உடைசல் பதிவேட்டில் 'பியூரெட் பதினொன்று, பயன்படாது' என்று எழுதி ரமாவின் முன்னால் வைத்தார்.

"நல்லா வேலை செஞ்சதை ஏன்மா?"

"அது முதலுதவி மேடம். அதையே வைத்தியம்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். கையெழுத்து போடுங்க."

ரமா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். கையெழுத்துப் போட்டார். தானே அதை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

ஜூன் மாதம் ஒரு டஜன் புது பியூரெட் வந்தது. அந்த வருடம் மாணவர் சேர்க்கைக்கான அனுமதி இன்னும் பத்து இடங்களுக்குக் கூடியிருந்தது. ரத்தினபாய் பெட்டியைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஓட்டிப் பார்த்தார். அடுத்த தேவைப் பட்டியலை அன்று மாலையே எழுதி ரமாவின் மேஜையில் வைத்துவிட்டு ரயிலுக்குக் கிளம்பினார்.