பெரியப்பா தோற்ற தேர்தல்

பெரியப்பா வார்டு தேர்தலில் தோற்றபோது, எங்கள் குடும்பத்தில் உள்ளூர சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்திதான். காரணம் அவருடைய மகள். காலேஜில் சேர்ந்த புதுசு. பிரச்சாரம் முழுக்க கட்சிக் கலரில் சுடிதார் போட்டுக்கொண்டு, திறந்த ஜீப்பில் நின்று கை கூப்பிக்கொண்டே வந்தாள். நான் ஜீப்புக்குப் பின்னால் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு ஓடினேன். தூத்துக்குடி வெயிலில் மூக்குத் தோல் உரிந்ததுதான் மிச்சம். “ஏளா, உங்க அக்கா என்ன லட்சணமா இருக்கா!” என்று ஆளாளுக்கு என்னிடம் வந்து சொன்னார்கள். அதை ஏன் என்னிடம் சொல்ல வேண்டும்? அவளிடமே போய்ச் சொல்ல வேண்டியதுதானே!

தோற்ற அடுத்த வாரம் பெரியப்பா வீட்டு முன்னறையில் கட்சிக்காரர்கள் கூடினார்கள். ஏன் தோற்றோம், இனி ஜனங்களை எப்படிப் பிடிப்பது என்று பேச்சு. பாட்டு பழசாகிவிட்டது என்றார் ஒருவர். பெண்கள் பக்கம் நாம் போகவே இல்லை என்றார், பெரியம்மா நீட்டிய டீயை முகம் பார்க்காமல் வாங்கிக்கொண்ட இன்னொருவர். பெரியப்பாவுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஜெயித்தவர் சைக்கிள் கடை வைத்திருப்பவர். “அவன்கிட்ட அப்பிடி என்னலே இருக்கு, என்கிட்ட இல்லாதது?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பொறாமை எனக்கு மட்டும் வந்த வியாதி இல்லை, குடும்பச் சொத்து.

கடைசியில் கட்சி வக்கீல் தொண்டையைச் செருமினார். “முகத்த மாத்தணும் அண்ணாச்சி. அடுத்த தடவ பாப்பாவ நிறுத்துவோம். படிச்ச பிள்ள, சின்ன வயசு.”

மிக்சர் தட்டோடு நின்ற அக்காவை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இனி போஸ்டரில் வேறு இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமா?

“யாரு நின்னாலும் போட மாட்டாங்க,” என்றேன் சத்தமாக. “அடக்கத்தன்னைக்கு நம்ம படகு கடலுக்குப் போச்சுல்லா!”

கடையில் பால் வாங்க நின்றபோது பெண்கள் பேசிக்கொண்டது அது. எங்கள் பகுதியில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடிகிறவரை ஒரு படகும் கடலுக்குப் போகாது. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் மீற மாட்டார்கள். தேர்தல் நேரத்தில் இறந்துபோனவர் பெரியப்பாவின் விசைப்படகில் பல வருஷம் டிரைவராக இருந்தவர். மறுநாள் கட்சித் தலைவர் வருகிறார், படகுக்கெல்லாம் கொடி கட்டி நிறுத்த வேண்டும், அடக்கத்துக்கும் நிறுத்தினால் இரண்டு நாள் தொழில் போய்விடும் என்று பெரியப்பா கணக்குப் போட்டார். படகை அனுப்பிவிட்டு, ஆளுயர மாலையோடு அவர் மட்டும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். செத்தவரோடு சேர்ந்து வலை இழுத்தவர்கள் எல்லாரும் அந்தப் படகில் இருந்தார்கள். அவர் படகே போனதும் மற்றப் படகுகளும் கிளம்பிவிட்டன. பெட்டியைத் தூக்கியது பள்ளிக்கூடப் பையன்களும், பக்கத்தில் கட்டட வேலைக்கு வந்திருந்த வெளியூர்க்காரர்களும்தான்.

பெரியப்பா முகம் கறுத்துவிட்டது. “ஏளா, உள்ள போ!” என்றார். சின்னப்பிள்ளை பேச்சு என்று வக்கீல் சிரித்து மழுப்பினார். பேச்சு பேனருக்குப் போனது. அடுத்த முறை இன்னும் பெரிதாக வைப்பதென்று முடிவாயிற்று.

அக்கா என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள். “நெசமாவாளா சொல்லுத?”

இருந்ததோடு இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினாள். விடுவேனா? நான் கண்டுபிடித்த சேதியை வைத்து இவள் பேர் வாங்கப் போகிறாள் என்று நானும் விடுவிடென்று பின்னால் போனேன்.

அந்த டிரைவர் வீட்டு மாமி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“எலக்சன்தான் முடிஞ்சிட்டுல்லா. இன்னும் எதுக்கு வந்திருக்க?”

“மாமாவத் தூக்க ஆளில்லாம ஆக்கிட்டோம் மாமி. நான் அன்னைக்கு ஜீப்புல நின்னு சிரிச்சிக்கிட்டு இருந்திருக்கேன்.”

அதற்குமேல் அக்காவால் பேச முடியவில்லை. மூக்கு ஒழுக, உடம்பு குலுங்க அழுதாள். மாமி நாற்காலியை விட்டு எழுந்தாள். பிறகு அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு, அதுவரை அடக்கி வைத்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். நான் சுவரோரம் நின்றேன். சேதி என்னுடையது, கட்டிப்பிடிப்பு அவளுக்கு. என்னை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அடேயப்பா, என்ன மூளை இவளுக்கு என்று மலைத்துப்போனேன். அத்தனை பேர் டீயாகக் குடித்துத் தீர்த்தும் வராத யோசனை! அந்தத் தெரு ஓட்டு மொத்தமும் இனி இவளுக்குத்தான். அன்றிலிருந்து நானும் கண்ணாடி முன்னால் நின்று மூக்கு ஒழுக அழப் பழகினேன். அம்மா கண்வலி என்று நினைத்து சொட்டு மருந்து வாங்கி வந்தாள்.

அடுத்த தேர்தலுக்கு வக்கீல் வேட்புமனுவோடு வீட்டுக்கே வந்தார். அக்கா மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். பெரியப்பா கெஞ்சியும் அசையவில்லை. சாயங்காலம் வழக்கம்போல மாமி வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஓட்டே வேண்டாமென்றால், அன்றைக்கு அவ்வளவு அழுகை எதற்கு?