ஜெசியின் கூழுக்கு உப்பு

இந்த ஊரில் மீனுக்குத் தலை கிடையாது. கடையில் அது தோலுரித்து, முள்ளெடுத்து, நீள்சதுரமாக வெட்டி உறையவைத்த கட்டியாக அட்டைப் பெட்டிக்குள் கிடக்கும். இங்கே பிறந்த என் மகள் சின்ன வயதில் மீன் வரைந்தபோது ஒரு செங்கல்லை வரைந்து அதற்கு இரண்டு கண்ணும் வைத்தாள். தலைகள் எங்கே போகின்றன என்பது எனக்குத் தெரியும். நான் வேலை செய்வதே மீன் தொழிற்சாலையில்தான். நோர்வேயின் வடகோடியில், குளிர்காலம் முடிகிற சமயம் கொட் மீன் வந்து குவியும்போது தலைகளை வேறாக்கி, கயிற்றில் கோர்த்து, மரச் சட்டங்களில் தொங்கவிட்டுக் காயவைத்து ஆபிரிக்காவுக்கு அனுப்புவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளரிடம் தயங்கித் தயங்கி இரண்டு தலை கேட்டேன். அவர் ஒரு வாளி நிறைய அள்ளித் தந்துவிட்டு, "உன்னிடம் எத்தனை பூனை இருக்கிறது?" என்று கேட்டார். எனக்கு அப்போது தெரிந்த நோர்வேஜிய மொழியில், காய்ந்த பனங்கிழங்கு மாவில் மீன்தலை போட்டுக் காய்ச்சுகிற ஒடியல் கூழ் என்றால் என்னவென்று விளக்க வழியில்லை. "இரண்டு" என்று சொல்லிவிட்டேன். பிறகு ஓய்வு பெறும்வரை அந்த மனிதர் என் பூனைகளின் சுகத்தை விசாரித்துக்கொண்டேயிருந்தார்.

கூழ் காய்ச்ச எனக்குக் கற்றுத் தந்தவள் ஜெசிந்தா. நான் உரும்பிராய்க்காரி. உருளைக்கிழங்கும் வெங்காயமும் விளைகிற செம்பாட்டு மண். எங்கள் வீட்டில் எப்போதாவது மீன் வாங்கினால் அம்மா அதை ஏதோ தீட்டுப் பட்டதைப் போலக் கழுவிக் கழுவியே ருசியைப் போக்கிவிடுவார். ஜெசி குருநகரில் கடற்கரையோடு பிறந்தவள். யாழ்ப்பாண நகரத்துப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒரே வாங்கில் இருந்தோம். என் சாப்பாட்டுப் பெட்டியின் கத்தரிக்காய்ப் பொரியல் அவளுக்கு, அவளுடைய கணவாய்க் கறி எனக்கு. வீட்டில் தெரிந்திருந்தால் இரண்டு பேருக்கும் அடி விழுந்திருக்கும். அவளுடைய வீட்டில்தான் முதன்முதலில் பிலாவிலையைக் கரண்டிபோலக் கோலி, நண்டும் மீன்தலையும் மிதக்கிற கூழைக் கண்ணில் தண்ணீர் வர வரக் குடித்தேன்.

இப்போது எங்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. கனடாவில் சுமதி, லண்டனில் கலா, இங்கே வதனி என்கிற நான், குருநகரில் ஜெசி. நால்வரும் ஒரே வகுப்பு. குழுவுக்குக் கலா 'குசினி' என்று பெயர் வைத்தாள். அரசியல் இல்லை, ஊர் வம்பு கொஞ்சம், மிச்சமெல்லாம் சமையல். ஒடியல் மாவை ஊறவைத்துத் தெளிந்த நீரை இறுத்தால்தான் கசப்புப் போகும் என்பது, கணவாயைக் கடைசியாகப் போடாவிட்டால் செருப்புத் தோலாகிவிடும் என்பது, எல்லாம் ஜெசியின் குரலில் வரும். அவள் எழுத மாட்டாள். பேசித்தான் அனுப்புவாள். பின்னணியில் சட்டி சத்தம் கேட்கும், காகம் கேட்கும், மகனை ஏசுவதும் கேட்கும். எதைச் சொன்னாலும் முடிவு ஒன்றுதான்: "கடைசியா உள்ளங்கையிலை ரெண்டு துளி விட்டு உப்புப் பாருங்கோ. பாக்காமல் இறக்கிப்போட்டு என்னைப் பேசாதையுங்கோ." நாங்கள் மூவரும் வெளிநாட்டில் பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்டதும், விருந்து வைத்ததும், எங்கள் சமையலைப் புகழ்ந்தவர்கள் முன்னால் நெளிந்ததும் அந்தக் குரலை நம்பித்தான்.

ஜெசிக்கு ஒரே மகன், நிரோஷன். சில வருடங்களுக்கு முன் ஒரு வாடைக்காலத்தில் கடல் குழம்பியிருந்தபோது அவன் போன படகு கவிழ்ந்தது. கூடப் போன இருவரும் இன்னொரு படகுக்காரரின் கையில் பிழைத்து வந்தார்கள். இவன் வரவில்லை. நாட்கணக்காகத் தேடினார்கள். உடலும் வரவில்லை. கோவிலில் பூசை கொடுத்தார்கள், ஆனால் சேமக்காலைக் கல்லறைகளுக்கு நடுவே அவனுக்கென்று மெழுகுதிரி ஏற்ற ஒரு அடி நிலம் கிடையாது. நாங்கள் தொலைபேசியில் அழுதோம். தொலைபேசியில் அழுவதற்கு ஒரு அளவு உண்டு. யாராவது ஒருவர் வைக்க வேண்டியிருக்கும்.

குழு நெடுநாள் மௌனமாகக் கிடந்தது. யார் முதலில் வாய் திறப்பது என்று தெரியவில்லை. கடைசியில் சுமதிதான், மருமகன் வீட்டார் வருகிறார்கள், கூழுக்கு எவ்வளவு மா கரைப்பது என்று கேட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. ஆனால் அன்றே ஜெசியின் குரல் வந்துவிட்டது, முன்போலவே, ஒன்று விடாமல். "ஜெசி தேறிவிட்டாள்" என்று நாங்கள் தனித்தனியே ஆளுக்காள் சொல்லி ஆறுதல்பட்டோம். பிறகு பழையபடி கேட்கத் தொடங்கினோம். ஒரேயொரு மாற்றம் இருந்தது. முடிவில் அவள் இப்போது "உப்பு உங்கடை வாய்க்கு அளவாப் போடுங்கோ" என்று மட்டும் சொன்னாள். "ஜெசி இங்கிலீசுச் சமையல் புத்தகம் படிக்கத் தொடங்கிவிட்டாள்" என்று கலா கேலி செய்தாள். நானும் சிரித்தேன்.

போன ஆவணியில் ஊருக்குப் போனேன். உரும்பிராயில் தம்பி வீட்டில் எனக்கென்று போத்தல் தண்ணீர் வாங்கி அடுக்கியிருந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாதாம். நான் பிறந்து குளித்து வளர்ந்த கிணறு. கோபத்தில் வாளியோடு அள்ளிக் குடித்தேன், இரண்டு நாள் வயிற்றுவலியோடு கிடந்தேன். தம்பி மனைவி இன்னொரு பெட்டி போத்தல் வாங்கி வைத்தாள். எழும்பி நடமாடத் தொடங்கியதும் ஒரு ஓட்டோ பிடித்துக் குருநகருக்குப் போனேன். கையில் நோர்வேயிலிருந்து சுமந்து வந்த காய்ந்த கொட் மீன் ஒரு கட்டு. அதன் வாசனையில் என் பெட்டியிலிருந்த உடுப்பெல்லாம் நாறியிருந்தது. கடற்கரைக்காரிக்கு எங்கள் கடலைக் காட்ட வேண்டும் என்ற பெருமை எனக்கு. 'எங்கள் கடல்' என்று வாயில் வந்துவிட்டது, பாருங்கள்.

ஜெசி அதை இரண்டு கையாலும் வாங்கி, "பாரமடி" என்று சொல்லி அலுமாரிக்கு மேலே வைத்தாள். பிரித்துப் பார்க்கவில்லை. மெலிந்திருந்தாள். வீடு துப்புரவாக இருந்தது, நிலத்துக்குப் புதிதாக ஓடு பதித்திருந்தார்கள். அந்த வீட்டில் மீன் வாசனையே இல்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்து, வசதி வந்துவிட்டது என்று கணக்குப் போட்டேன். மத்தியானம் பருப்பும் பூசணிக்காயும் முட்டைப் பொரியலும் தந்தாள். மரக்கறிக்காரியின் பழைய பழக்கத்தை நினைத்து வைத்திருக்கிறாள் என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

"உன்ரை கையாலை கூழ் குடிக்காமல் நான் போகமாட்டன்" என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி, நாளைக்கு வா" என்றாள்.

மறுநாள் நான் போய் இருந்த கொஞ்ச நேரத்தில் அவளுடைய கணவர் அந்தோனி அண்ணை கடலிலிருந்து வந்தார். வந்தவர் நேரே கிணற்றடிக்குப் போய், தலை முதல் கால்வரை சவர்க்காரம் போட்டுக் குளித்து, உடுப்பு மாற்றிய பிறகுதான் படியேறினார். கொண்டுவந்த பையை ஜெசியின் கையில் கொடுக்காமல் குசினி வாசலில் வைத்தார்.

"காய்ச்சப் போறியோ?" என்று மெல்லக் கேட்டார்.

"வதனி ஆசைப்பட்டுக் கேக்கிறாளெல்லே" என்றாள் ஜெசி.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை.

ஜெசியின் கை பிழைக்கவேயில்லை. நண்டை உடைத்தாள், தலையைப் பிளந்தாள், கணவாயின் மைப்பையை உடையாமல் எடுத்தாள். நான் மரவள்ளிக்கிழங்கு வெட்டிக்கொண்டு சுமதியின் மருமகன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். செத்தல் மிளகாயும் உள்ளியும் அரைத்த கூட்டுக் கொதிக்கும்போது எழும்பிய அந்த வாசனைக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் வந்தேன் என்று தோன்றியது. ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றித் துழாவினாள். தடித்து வந்தது. உப்பைக் கையால் அள்ளிப் போட்டாள். பிறகு அகப்பையை என்னிடம் நீட்டினாள்.

"நீ உப்புப் பார்."

தன் சட்டிக்குள் இன்னொருத்தியின் கை வர விடாதவள் அவள். "ஏனடி, உனக்கு நாக்கில்லையோ?" என்று சிரித்தேன்.

"நான் இப்ப மீன் சாப்பிடுறேல்லை."

"விரதமோ?"

"விரதமில்லை" என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவன் எங்கை கிடக்கிறான் எண்டு தெரியாது, வதனி. அந்தத் தண்ணியிலை மேயிறதை நான் என்னெண்டு வாயிலை வைக்கிறது? எங்கடை கரையிலை கடலுக்குப் பிள்ளையைக் குடுத்த சில தாய்மார் அப்பிடித்தான். ஒரு வருசம் சாப்பிடாமல் இருந்திட்டுப் பிறகு தொடங்கியிடுவினம். என்னாலை ஏலாமல் கிடக்கு."

அகப்பை என் கையில் இருந்தது. உள்ளங்கையில் இரண்டு துளி ஏற்கனவே விட்டிருந்தேன். அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. உதறவும் முடியாது, நக்கவும் முடியாது.

"பார்" என்றாள். "சுட்டுப்போடும், கெதியாப் பார்."

பார்த்தேன். உப்புக் குறைவாக இருந்தது. ஜெசியின் சமையலில் உப்புக் குறைந்து நான் கண்டதில்லை. நிரோஷன் போன பிறகு இவ்வளவு காலமும் அவள் எங்களுக்குச் சொன்ன மீன் குழம்பும் இறால் பிரட்டலும் மீனே ஏறாத ஒரு குசினியிலிருந்து வந்தவை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்களோ சமைத்து முடித்ததும் படமெடுத்து அனுப்பி, "எப்படி?" என்று அவளையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

"சுமதிக்கும் கலாவுக்கும் நான் சொல்லுறன். இனி ஒருத்தரும் உன்னட்டை மீன் கறி கேக்க மாட்டினம்" என்றேன்.

அதற்குத்தான் அவள் கலங்கினாள். அதுவரைக்கும் கலங்காதவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, சொல்லிப்போடாதை. நீங்கள் கேக்கேக்கைதான் எனக்கு அந்தக் குசினி திரும்பி வருது. கணவாய் எண்டால் அவனுக்கு உயிர். உங்களுக்குச் சொல்லேக்கை அவனுக்குக் காய்ச்சிற மாதிரிக் கிடக்கும். ஆனால் ருசி மறந்து போச்சடி. கை போடுது, சரியோ பிழையோ எண்டு எனக்குத் தெரியேல்லை. ஒருநாளைக்குக் கையும் மறந்திடும். பிறகு என்னட்டை என்ன கிடக்கு?"

அகப்பையை அவளிடம் நீட்டி, "உப்பு இன்னும் கொஞ்சம்" என்றேன். அந்தோனி அண்ணை வந்து வாங்கில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார்கள். ஜெசி எல்லோருக்கும் வார்த்துக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பழைய மாதிரிக் கிடக்கோ?" என்று கேட்டாள். "அப்பிடியேதான்" என்றேன். இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன். 

திரும்பி வந்த பிறகு தொழிற்சாலையில் சூல்வெய்க்கிடம் இதைச் சொல்ல முயன்றேன். எனக்குப் பக்கத்து மேசையில் மீன் வெட்டுகிறவள், இந்த ஊரிலேயே பிறந்தவள். "ஊரில் என் சிநேகிதி மீன் சாப்பிடுவதை விட்டுவிட்டாள்" என்று ஆரம்பித்தேன். "ஒவ்வாமையா? பாவம்" என்றாள். ஆமென்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். பூனைக் கதையில் அப்படித்தான் தப்பினேன். ஆனால் சூல்வெய்க்கின் தகப்பனும் கடலில் போய்த் திரும்பாதவர் என்பது எனக்குத் தெரியும். கோப்பி நேரத்தில் அவளிடம் கேட்டேவிட்டேன், அப்பா போன பிறகு உங்கள் வீட்டில் மீன் சமைத்தார்களா என்று.

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். "சமைக்காமல்? அந்தக் குளிர்காலத்தில் எங்களிடம் வேறென்ன இருந்தது?" என்றாள். கோபமில்லை. கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.  அவளிடம் கேட்டிருக்கக் கூடாதுதான். இரண்டு கடலில் எது கொடியது என்று ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இரண்டிலும் நான் கரையில் நிற்கிறவள்.

குழு இப்போதும் நடக்கிறது. சுமதிக்கும் கலாவுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் ஏதாவது கேட்டால் ஜெசி உடனே பதில் போடுவதில்லை. முதலில் எனக்கு வீடியோவில் வருவாள். நான் தொலைபேசியைச் சீனி டப்பாவில் சாத்தி வைத்துவிட்டு அவள் சொல்லச் சொல்லச் சமைப்பேன். உப்பைப் பார்த்து நான் சரியென்ற பிறகுதான் குரல் பதிவு குழுவுக்குப் போகும். பழையபடி உப்புப் பார்க்கச் சொல்கிறாள் என்று கலா மகிழ்ந்து போய் இதயப் படமெல்லாம் போட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கணவாய்க் கறி. இங்கே காலை, அங்கே மத்தியானம். ஜன்னலுக்கு வெளியே மரச் சட்டங்களில் கொட் தலைகள் வாயைத் திறந்தபடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் சாம்பல் நிறக் கடல். தொலைபேசிக்குள் ஜெசி தன் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றாள், அடுப்பில் ஒன்றுமில்லை. "இப்ப கணவாயைப் போடு. மூடாதை. ஓம், காணும், அடுப்பைக் குறை" என்றாள். பிறகு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து, "உப்புப் பார்" என்றாள்.

உள்ளங்கையில் இரண்டு துளி விட்டுப் பார்த்தேன்.

"காணுமோ?"

"கொஞ்சம் போடவேணும்" என்றேன்.

அவளுடைய கை பக்கத்திலிருந்த உப்புச் சாடிக்குள் போனது. ஒரு சிட்டிகை எடுத்து என் பக்கமாக நீட்டியவள், அப்படியே நின்றாள். பிறகு விரல்களைத் திருப்பிச் சாடிக்குள் உதிர்த்துவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தாள்.

"நீயே போடு" என்றாள்.

நான் போட்டேன்.