தாளுக்கு அந்தப் பக்கம்

கதை கட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இது எங்கள் பெரியம்மாவின் மூத்த மகளுக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

அக்கா பியானோ வாசிப்பவள். பாடுகிறவர்களுக்குத் துணையாக வாசிப்பதுதான் வேலை. வயது ஏற ஏறப் பார்வை மங்கியது. இசைத்தாளில் இருந்த புள்ளிகளெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தன. அதனால் தாள்களை இரண்டு மடங்கு பெரிதாக நகலெடுத்து, அட்டையில் ஒட்டி, விரல் மாறும் இடங்களைச் சிவப்பில் குறித்துவைத்தாள். படிக்கச் சுலபமாகிவிட்டது. ஆனால் பக்கங்கள் பெருகியதால், திருப்பிவிட அவள் தங்கை பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. பியானோமேல் அட்டைகளை நிமிர்த்தி வைத்துவிட்டால் எதிரே நிற்பவர் முகமும் தெரியாது.

அன்று மதியம் ஒரு பாடகிக்கு ஒத்திகை. மறுநாள் தேர்வு. தேறினால்தான் இசைக்குழுவில் வேலை. அறையில் மூன்று பேர் மட்டும்.

முதல் பக்கம் முடியும்போது தங்கை கை நீட்டினாள். அதற்குள் அட்டை தானாகத் திரும்பியது.

சரக்...

காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

மறுபடி... சரக்.

"நான் தொடலக்கா," என்று முணுமுணுத்தாள்.

அக்கா நிறுத்தவில்லை. குரல் ஓடும்போது கையெடுக்கக் கூடாது என்பது அவளுக்கு ஊறிப்போன பழக்கம். ஒருவழியாகப் பாட்டு முடிந்தது. மூச்சு விட்டாள்.

அட்டைகள் மொத்தமாகப் பின்னோக்கிப் புரண்டன. முதல் பக்கம்.

எதிரே குரல் மறுபடி பாட்டை எடுத்தது.

விரல்கள் தாமாகவே தொடர்ந்தன. நிறுத்தப் பார்த்தாள்... முடியவில்லை. வேகம் கூடியது. குரல் கம்மியது. ஆனாலும் ஓயவில்லை.

"போதும்க்கா... நிறுத்து."

"கை என் பேச்சைக் கேக்கலடி."

மூன்றாவது முறை.

சரக்... சரக்...

தங்கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. வேறு வழி தெரியாமல், பியானோ மூடியை அந்த விரல்கள்மேலேயே சாத்தினாள்.

நிசப்தம்.

இருவரும் எழுந்து அட்டைக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

யாருமில்லை.

பாடகி வெளியே, மாடிப்படியில், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை விடாமல் பாடவைத்துவிட்டேனே என்று அக்கா, வீங்கிய விரல்களோடு வருத்தம் சொன்னாள். பாடகி காதிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் ஒரு தடவைதான் பாடினேன். தண்ணி குடிக்க வெளியே வந்தேன்... உள்ளே என் குரல் கேட்டுது."

மறுநாள் தேர்வில் அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லா மருத்துவர்களும் சொன்னார்கள். பேச்சு வருகிறது. பாட்டு மட்டும்... இன்றுவரை வரவில்லை.