அஷ்டமியன்று நிரம்பிய டிஸ்க்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருடங்கள் கொல்கத்தாவின் சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு சின்ன இணையச் சேவை நிறுவனத்தில் வேலை பார்த்தேன். டிஎன்எஸ் சர்வர் என் பொறுப்பு. இணையதளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண்ணைச் சொல்லும் இயந்திரம் அது. கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் லாக் ஃபைலில் ஒரு வரி எழுதிவைக்கும். போதும் என்று யாராவது சொல்லும்வரை நிறுத்தாது. வாடிக்கையாளர்களின் மெயிலும் அதே இயந்திரத்தில் இருந்ததால், டிஸ்க் நிரம்பினால் முதலில் மெயில் நிற்கும், அடுத்து என் தலை உருளும்.

அலுவலகத்தில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. துர்கா பூஜை என்றால் வங்காளிகளுக்கு விடுமுறை. கூப்பிட்டால் ஓடிவர வேண்டியவர்கள் மற்றவர்கள். மற்றவர்கள் என்றால் நான் ஒருத்திதான். கொல்கத்தா அப்பாவுக்கு மத்திய அரசு வேலையில் மாற்றலாகி வந்த ஊர். எனக்குப் பிறந்த ஊர். வேலைக்குச் சேரும்வரை டாலிகஞ்சில் எங்கள் காலனிப் பந்தலில் அஷ்டமி அஞ்சலியை, காலையில் எதுவும் சாப்பிடாமல் நின்று துர்கைக்குப் பூப்போடுவதை, நான் தவறவிட்டதே இல்லை. சேர்ந்த பிறகு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. நான் சொல்லவந்த வருடம் அப்பா ஓய்வு பெற்றார். தை பிறந்ததும் சென்னைக்குக் குடிபோவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இந்த அஞ்சலியையும் விட்டால் இனிமேல் இல்லை.

ஆகவே லாக் தொல்லையைப் பூஜைக்கு முன்பே ஒழித்துக்கட்டுவது என்று இறங்கினேன். எங்கள் மேலாளரை, அண்ணன் என்ற பொருளில், எல்லோரும் தாதா என்போம். அவர் எப்போதோ எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்று தினமும் விடியற்காலையில் ஓடி, லாகை வேறோர் இயந்திரத்துக்கு நகலெடுத்துவிட்டு இங்கே அழிக்கும். ஃபைலைத் திறந்துவைத்திருக்கும் சர்வருக்கு மட்டும் அதை யாரும் சொல்வதில்லை. அது பாட்டுக்கு அழிந்த ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும். பட்டியலில் பார்த்தால் ஃபைல் இருக்காது. டிஸ்க்கில் இடமும் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஸ்கிரிப்டை நிறுத்தினேன். லாகைச் சுழற்றும் வேலையைச் சர்வரிடமே கொடுத்தேன். இந்த அளவைத் தொட்டால் ஃபைலை மூடிப் புதியதைத் திற, பழையவற்றில் ஐந்தை வைத்துக்கொள், அதற்கும் பழையதைத் தூக்கிப் போடு. சர்வருக்கான உத்தரவுகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் ஒரே வரிதான். அதன் பிறகு டிஸ்க் அசையவில்லை.

தாதாவின் முகம் சுண்டிப்போனது.

"தூக்கிப் போடறதா? நாளைக்கு யாராவது பழைய லாக் கேட்டா?" என்றார் வங்காளத்தில்.

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே, தாதா."

"கேட்டா? சரி, பூஜை முடியட்டும், பேசலாம்."

மகாளயம் நெருங்கிவிட்டால் அந்த ஊரில் எதற்கும் அதுதான் பதில். குழாய் ரிப்பேரிலிருந்து கல்யாணப் பேச்சு வரை எல்லாம் பூஜைக்குப் பிறகுதான். அந்த வழக்கத்தை அன்றைக்கு மட்டும் மனதார வாழ்த்தினேன். என் வரி தப்பித்தது என்று நம்பினேன்.

அஷ்டமி காலையில் காபிகூடக் குடிக்காமல், புதுப்புடவையில் அம்மாவோடு பந்தலில் நின்றேன். கையில் பூ கொடுத்துவிட்டார்கள். புரோகிதர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். என் மொபைல் அடித்தது. யாருக்கும் மெயில் வரவில்லையாம்.

"பூவை இப்படிக் குடு. உனக்கும் சேத்து நான் போடறேன்," என்றாள் அம்மா. "போடி, போய்ப் பாரு."

கூட்டத்துக்காக மூங்கில் கட்டி மறித்த தெருக்களைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ, பஸ், மறுபடி ஆட்டோ. வழியில் பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கியில் அதே அஞ்சலி மந்திரம். காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. கான்ஃபிக்கைத் திறந்தேன். என் வரி முடக்கப்பட்டிருந்தது. பழைய ஸ்கிரிப்ட் திரும்ப வந்திருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று விடுமுறைக்குக் கிளம்பும் முன் தாதா செய்த கைவரிசை. எதைப் பற்றியும் பூஜைக்குப் பிறகுதான் பேசுவார். இதை மட்டும் பேசாமலே முன்கூட்டி முடித்துவிட்டார். வெறும் வயிற்றில் ஆத்திரம் பற்றி எரிந்தது. என் வரியைத் திரும்பப் போட்டு, ஸ்கிரிப்டை நிறுத்தி, சர்வரை மூடித் திறந்தேன். நொடியில் டிஸ்க் காலியானது. அஷ்டமி திதி அதற்குள் முடிந்திருந்தது.

தாதா போனில் வந்தார். பின்னால் தாக் மேளம் கேட்டது.

"மெயில் வருது. நல்லவேளை நீ இருந்தே. நாங்க எல்லாரும் அஞ்சலியில நின்னுட்டிருந்தோம்."

"நானும் அங்கதான் நின்னுட்டிருந்தேன், தாதா," என்றேன், அவருடைய வங்காளத்துக்குக் கொஞ்சமும் குறையாத வங்காளத்தில்.



"நீயா?" என்றார். கேலி இல்லை. உண்மையாகவே வியந்து கேட்டார்.