முதுகு ஊசிக்காக மைதானத்தில் இறங்கிய நோலின்

எங்கள் ஊர் விராபீனில் நோலின் ட்ரெகென்சாவை மன்னிக்காத ஆண்கள் இன்னும் பதினேழு பேர் இருக்கிறார்கள். எண்ணித்தான் சொல்கிறேன். பதினேழு பேரும் கால்பந்து கிளப்பில் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே பீரைக் குடித்துக்கொண்டு மன்னிக்காமல் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் கதை பாதிக் கதை. மீதி நடந்த அறையில் நான் இருந்தேன். ஊர் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் சமையல்காரியாக இருந்தவள் நான், கிளெனிஸ். எனக்குத் தெரியாமல் அங்கே ஒரு டம்ளர் தண்ணீர்கூட நகராது.

நோலின் எங்கள் பிரசவ நர்ஸ். ஒட்டடைக்கோல் மாதிரி உயரம், களத்துமேட்டுக் குரல். முப்பத்தொரு வருஷத்தில் ஊரில் பாதிப்பேரை அவள்தான் கையில் ஏந்தி வாங்கியிருக்கிறாள். ஆகையால் ஊரில் யார் என்ன மிடுக்குக் காட்டினாலும் அவளிடம் செல்லாது. "உன்னைப் பொறந்த கோலத்துல பாத்தவ நான், போய்யா" என்றுவிடுவாள்.

அவளுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. வலியில் இருப்பவள் கேட்டதைக் கொடு, முகம் சுளிக்காதே. மாசமாக இருக்கும் பெண்கள் வந்தால் எல்லாவற்றையும் சொல்லிவைப்பாள். வெந்நீர்த் தொட்டியில் உட்காரலாம். சூடான கோதுமைப் பையை இடுப்பில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பையை என் அடுப்படியில்தான் சூடாக்குவார்கள். ஒருமுறை மறந்துபோய்க் கோதுமை பொரிந்து ஆஸ்பத்திரி முழுக்கத் தீய்ந்த வாடை. முதுகில் ஒட்டிக்கொள்ளும் சின்ன மின்சாரப் பெட்டி உண்டு. புருஷன்மார் அதை ஆட்டு மின்வேலி என்பார்கள். பிறகு வலி மறக்க மூச்சில் உறிஞ்சும் காஸ், தொடையில் போடும் பெத்தடின் ஊசி, கடைசியாக இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும் முதுகு ஊசி. "இதுல ஒசத்தி மட்டம்னு ஒண்ணும் கிடையாது. ஒண்ணுமே வேணாம்னாலும் சரி, எல்லாம் வேணும்னாலும் சரி. பாதியில மனசு மாறினாலும் உன் இஷ்டம்" என்பாள்.

காஸை உறிஞ்சினால் சிலருக்கு நாக்கு அவிழ்ந்துவிடும். வருஷாவருஷம் விவசாயக் கண்காட்சியில் பஞ்சு கேக்குக்கு முதல் பரிசு வாங்கும் ஒருத்தி, மூன்றாவது இழுப்பில், "நோலின், அது கடையில வாங்கின பாக்கெட் மாவு!" என்று அழுதுவிட்டாள். நோலின் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. எனக்கு அப்படிக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. பெயர் சொல்லமாட்டேன். ஐந்து வருஷம் தொடர்ந்து பரிசு வாங்கியவள் ஊரில் ஒருத்திதான்.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

முதுகு ஊசி போடத் தெரிந்தவர் எங்கள் ஊரில் ஒரே ஒருவர், டாக்டர் ஃபென்னர். அவரை விட்டால் நூற்றறுபது கிலோமீட்டர் போகவேண்டும். இந்த மனிதர் சிட்னிக்காரர், கால் இரண்டும் ஏணி மாதிரி. வந்த இரண்டாம் வருஷமே எங்கள் பெலிக்கன் அணிக்குக் கோல் அடிக்கும் ஆள் ஆகிவிட்டார்; எங்கள் ஆஸ்திரேலியக் கால்பந்தில் ஒரு கோல் என்றால் ஆறு பாயிண்ட். ஜனவரியில் ஆஸ்பத்திரி முறைப்பட்டியல் போட்டபோது செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை அவர் பெயரில் விழுந்தது. அது இறுதி ஆட்ட நாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? இருபத்து மூன்று வருஷமாக எங்கள் பையன்கள் அந்தப் பக்கமே போனதில்லையே!

மைதானம் ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே. அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். டாக்டரின் போன் பயிற்சியாளர் மெர்வ் கிளைனிக்கிடம் இருக்கும். கூப்பிட்டால் மெர்வ் சொல்லி அனுப்புவார், டாக்டர் ஓடி வருவார். "அப்பிடியும் நான் வரலைன்னா வேலியோரம் நிக்கிற உங்க காரு ஹார்னை அடிங்க, பறந்து வந்துர்றேன்" என்றார் டாக்டர். நோலினும் சரியென்று தலையாட்டினாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு கழுதைகளுக்கும் அப்போது உறைக்கவில்லை.

டீகனுக்கு அன்று விடியற்காலையில் வலி எடுத்தது. கம்பளி தரம் பிரிக்கும் பெண், திடகாத்திரமானவள், இது தலைச்சன் பிரசவம். குழந்தை வயிற்றுக்குள் திரும்பிக் கிடந்து அவள் முதுகெலும்பிலேயே முட்டிக்கொண்டிருந்தது. தொட்டி, கோதுமைப் பை, காஸ் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அவள் புருஷன் புரோடி இறுதி ஆட்டத்தையே விட்டுவிட்டு வந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன்தான். ஆனால் ஜன்னலோரம் ரேடியோவை மெல்லிய சத்தத்தில் வைத்திருந்தான்; பெலிக்கன்கள் பந்தை விட்டால் இவன் கையும் நின்றுவிடும்.

நான் தேநீர் கொண்டுபோன நேரம், நாலு மணி இருக்கும், டீகன் காஸ் குழாயை வீசி எறிந்தாள். "நோலின், போதும். எனக்கு முதுகு ஊசி வேணும்."

"வேணாம்னுதானே சொல்லிட்டிருந்த? இன்னும் கொஞ்ச நேரம்..." என்று ஆரம்பித்தான் புரோடி. கண் ரேடியோ மேல் இருந்தது.

"நீ பெத்துக்கோ! பெத்துக்கிட்டு, அப்புறம் வேணாம்னு சொல்லு!"

பாவம், மறுபடி இடுப்பைத் தேய்க்க ஆரம்பித்தான். நோலின் போனை எடுத்தாள். மெர்வின் குரல் எனக்கே கேட்டது. "மூணு பாயிண்ட் பின்னால இருக்கோம், நோலின். ஆட்டத்தோட கடைசிக் கால் பாகம் ஓடுது. பதினஞ்சு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கச் சொல்லு. ஆடு மாடெல்லாம் போடலையா?" டொக்கென்று வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் போன் அணைந்திருந்தது.

நோலின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.  அந்த ஆட்டு வார்த்தையின் கதை எனக்குத் தெரியும். அவளுடைய மூத்த மகன் இதே கட்டடத்தில்தான் பிறந்தான். ஏழு மணி நேரம் ஏதாவது கொடுங்கள் என்று கெஞ்சினாளாம். அப்போதிருந்த தலைமை நர்ஸ் ஜன்னலைத் திறந்து மேய்ச்சல் வெளியில் நின்ற ஆடுகளைக் காட்டி, "அதுங்க கத்துதா பாரு" என்றாளாம். ஒருநாள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது நோலின் இதைச் சொன்னாள். "வலி மறந்துபோச்சு கிளெனிஸ். கேட்டும் குடுக்கலையே, அது மட்டும் மறக்க மாட்டேங்குது."

டீகன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வருவார்ல?" என்று கேட்டாள்.

"வருவார். நான் போய்க் கூட்டிட்டு வரேன்." சின்ன நர்ஸ் லொரெல்லிடம் குழந்தையின் துடிப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். "கிளெனிஸ், நீ இவ கையப் பிடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

இனி நடந்ததை நாங்கள் ரேடியோவில்தான் கேட்டோம். வர்ணனை எங்கள் கசாப்புக்கடை பாஸ்கோ.

முதலில் ஒரு ஹார்ன். நீளமாக மூன்று முறை. நோலின் கார்தான். அடுத்த நொடி இன்னொரு ஹார்ன். பிறகு பத்து, பிறகு மைதானத்தைச் சுற்றி நின்ற இருநூறு கார்களும் சேர்ந்து அலறின. அடக் கடவுளே! எங்கள் ஊரில் கோல் விழுந்தால் காருக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் ஹார்ன் அடித்துத்தான் கொண்டாடுவார்கள். ஒருத்தர் அடித்தால் ஏன் எதற்கென்று கேட்காமல் ஊரே அடிக்கும். டாக்டருக்கு எப்படித் தெரியும், அது தனக்கு வந்த அழைப்பென்று?

"யாருப்பா கோல் போட்டது?" என்று பாஸ்கோ கத்தினார். "யாரும் போடலையே! பந்து நடுவுலல்ல கிடக்கு! நடுவருகூட முழிக்கிறாரு!"

டீகன் வலியில் என் கையை முறுக்கினாள். அந்தக் காஸ் குழாயை நானே ஒரு இழுப்பு இழுக்கலாமா என்றிருந்தது.

"ஒரு நிமிஷம்... நம்ம நோலின் வேலியத் தாண்டி வர்றா. நேரா கெவ்கிட்டப் போறா."

கெவ் அவள் புருஷன். அணியின் தூது ஓட்டக்காரர் அவர்தான். பயிற்சியாளர் சொல்வதை மைதானத்துக்குள் ஓடிப்போய் ஆட்டக்காரர்களிடம் சொல்லிவிட்டு வருவது அவர் வேலை. அதற்கென்று கண்ணைக் கூசும் பச்சைச் சட்டை உண்டு. அதைப் போட்டவர்தான் ஆட்டத்தின் நடுவே உள்ளே போகலாம்.

"கெவ் சட்டையக் கழட்டுறாரு! இல்ல, அவ கழட்டுறா! ஐயையோ, போட்டுக்கிட்டா! மெர்வ் பின்னாடியே ஓடுறாரு... ஜனங்களே, நோலின் மைதானத்துக்குள்ள ஓடுறா!"

புரோடி ரேடியோவைத் தூக்கி டீகன் தலைமாட்டில் வைத்தான். அன்று அவன் செய்த உருப்படியான காரியம் அது.

உள்ளே என்ன பேசினார்கள் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். பச்சைச் சட்டை எதிரே வந்து நின்றதாம். "உன்னை வெளிய வரச் சொல்றாங்க" என்றதாம். பச்சைச் சட்டை சொன்னால் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று பழக்கியிருக்கிறார்களே, மனிதர் பாட்டுக்கு ஓடி வந்துவிட்டார். எல்லைக்கோட்டுக்கு வந்த பிறகுதான் சட்டைக்குள் இருப்பது யார் என்று நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

"ஃபென்னர் வெளிய போறாரு! அஞ்சு கோல் போட்ட ஃபென்னர்! ஏன்யா? எதுக்குய்யா?" என்று பாஸ்கோ அலறினார்.

"எனக்காக!" என்றாள் டீகன். அழுதாளா, சிரித்தாளா தெரியவில்லை. "எனக்காகத்தான்டா வர்றார்!"

டாக்டர் சேறும் சகதியுமாக வந்தார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நோலின் இன்னொரு தடவை கழுவ வைத்தாள். டீகன் என் தோளில் தலையைச் சாய்த்து அசையாமல் உட்கார்ந்தாள். ஊசி இறங்கியது. இருபது நிமிஷத்தில் அவள் முகம் தளர்ந்து, காலையிலிருந்து நான் பார்க்காத ஒரு பெண்ணின் முகமாக மாறியது.

"ஸ்கோர் என்ன?" என்றாள்.

"ஒரு பாயிண்ட்ல தோத்துட்டோம்" என்றான் புரோடி.

"அடடா" என்றாள். அடுத்த நிமிஷம் குறட்டை. புரோடி தேம்பித் தேம்பி அழுதான். எதற்கென்று நான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மெர்வ் வாசலில் வந்து நின்றார். "எங்க அவ? இருபத்து மூணு வருஷம்! பதினஞ்சு நிமிஷம் தாங்கக்கூடாதா ஒரு பொம்பள?"

நோலின் உள்ளே வேலையாக இருந்தாள். நான் கரண்டியோடு வெளியே வந்தேன். "மெர்வ், போன ஜூலையில சிறுநீரகக் கல்லுன்னு இதே வாசல்ல தவழ்ந்து வந்தது யாரு? ஆறு நிமிஷத்துல ஊசி போட்டோம். அந்த ஆறு நிமிஷமும் 'அம்மா அம்மா'ன்னு நீ கத்தினது ஆட்டுப் பட்டி வரைக்கும் கேட்டுது. யாராவது பல்லைக் கடிச்சுக்கன்னு சொன்னோமா?" தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். இந்த மனிதருக்கு வந்தும் தெரியவில்லை, என்ன செய்ய! முகம் சிவக்கத் திரும்பிப் போனார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெண் குழந்தை பிறந்தது. டீகன் தூங்கி எழுந்த தெம்பில் ஆளை அசத்துகிற மாதிரி முக்கினாள். குழந்தையை நெஞ்சில் போட்டதும், "நோலின், நான் கேட்டேன், நீங்க போனீங்க" என்றாள்.  நோலின் கையுறையைக் கழற்றிவிட்டு வாசல் படிக்கு வந்து உட்கார்ந்தாள். அந்தப் பச்சைச் சட்டையைச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள்.

"ஊரு என்னைச் சும்மா விடாது கிளெனிஸ். கெவ்கூட என்கிட்டப் பேச மாட்டார். நாளைக்கு ரொட்டிக் கடைக்கு எப்படிப் போவேன்?" அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

எதிரே மைதானத்திலிருந்து கார்கள் கிளம்ப ஆரம்பித்தன. ஆட்டம் முடிந்தால் ஆண்கள் கிளப்பில் குடித்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் சரிந்து கிடப்பார்கள். வண்டி ஓட்டுவது பெண்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. முதல் வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் வேகம் குறைந்தது. ஏதோ வசவு விழப்போகிறது என்று நான் கரண்டியை இறுக்கிப் பிடித்தேன்.

நீளமாக ஒரு ஹார்ன்.

ஓட்டி வந்தவள் பஞ்சு கேக்குக்காரி. நோலினைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனாள். அடுத்த வண்டியும் ஹார்ன் அடித்தது. அதற்கடுத்ததும். மெர்வின் பெண்டாட்டி டோரீன், பக்கத்தில் மெர்வ் முறைத்துக்கொண்டிருக்க, இரண்டு கையாலும் அமுக்கினாள். இந்தத் தடவை அது ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் அடித்த ஹார்ன் இல்லை. ஒவ்வொருத்தியும் தனக்கு வலி வந்த நாளை நினைத்துத்தான் அடித்தாள்.

"யாரு கோல் போட்டா?" என்றாள் நோலின்.  சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அன்று ஏழு மணி நேரம் கெஞ்சின பெண்ணுக்காகவும் சேர்த்து அழுதாள்.

என்னிடம் கார் கிடையாது. எனக்கும் அங்கே மூன்று பிள்ளைகள் பிறந்திருக்கின்றன, மூன்றுக்கும் கேட்டது கேட்டபடி கிடைத்தது. உள்ளே ஓடிப்போய்ப் பெரிய சூப் பானையின் மூடியை எடுத்து வந்து, கடைசிக் கார் போகும்வரை கரண்டியால் தட்டினேன். இப்போதுதான் குழந்தை தூங்கியது என்று லொரெல் வந்து என்னைத் திட்டினாள்.